கிரியாட்டினின் கூடியவருக்குச் சிறுநீரில் ரத்தம்: எந்தச் சோதனையைத் தேர்ந்தெடுப்பது?

சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுபட்ட ஒருவருக்கு ஒரு நாள் காலையில் சிறுநீர் சிவந்து போகிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, இரண்டு நாளில் நிறம் தானாகவே தெளிந்தும் விடுகிறது. வயது 62, சிறுநீரகம் சரியாக வடிகட்டாதபோது ரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியாட்டினின் 2.4. சிறுநீர்ப் பாதையைப் பார்க்கும் யூராலஜி மருத்துவர், படத்தைத் தெளிவாக்கும் கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு சிடி எடுக்க வேண்டும் என்கிறார். இத்தனை காலம் சிறுநீரக நோயைப் பார்த்துவரும் நெப்ராலஜி மருத்துவர், அந்த ஊசியால் இருக்கிற சிறுநீரகமும் கெடலாம் என்று தயங்குகிறார். வீட்டில் இருப்பவர்களோ, "சூடு பிடிச்சிருக்குதுங்க, நாலு நாளைக்கு எளநி குடிச்சாச் செரியாப் போயிருமுங்க" என்கிறார்கள். தாராபுரம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கத்துக் குடும்பங்கள் பல, இந்த மூன்று குரல்களுக்கு நடுவில் நின்றுகொண்டு என்ன செய்வதென்று என்னிடம் கேட்டிருக்கின்றன. நான் மருத்துவர் அல்லன். ஆனால் இதே இடத்தில் நின்று, தவறான வழியைத் தேர்ந்தெடுத்த ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவன்.

என் பெரிய மாமன் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் 22 ஆண்டுகள் வேலை செய்தவர். சர்க்கரை நோயால் கிரியாட்டினின் 1.9 வரை ஏறியிருந்தது. ஒன்பது மாதங்களில் மூன்று முறை சிறுநீரில் ரத்தம் போனது. ஒவ்வொரு முறையும் "கிட்னி வீக்காக இருந்தால் இப்படித்தான் வரும்" என்று சொல்லிக் கிருமிக்கான மாத்திரை கொடுக்கப்பட்டது, ஒவ்வொரு முறையும் ரத்தம் நின்றது, நாங்களும் மாத்திரைதான் நிறுத்தியது என்று நம்பினோம். சிறுநீர்ப்பைக்குள் கருவி விட்டுப் பார்த்த நாளில், கட்டி தசைக்குள் இறங்கியிருந்தது. சிறுநீரக நோய் இருப்பதே புற்றுநோயைத் தேடாமல் விடுவதற்குக் காரணமாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

## இரண்டு நோய்களும் சந்திக்கும் இடம்

மூன்று மாதங்களுக்கு மேல் இஜிஎஃப்ஆர் என்னும் வடிகட்டும் திறன் 60-க்குக் கீழ் இருந்தாலோ, புரதம் கசிவது போன்ற பழுதின் அடையாளம் நீடித்தாலோ அது நாள்பட்ட சிறுநீரக நோய். சிறுநீர்ப் பாதைப் புற்றுநோய் என்பது பெரும்பாலும் அப்பாதையின் உள்தோலில் தோன்றுவது. சிறுநீரகத்துக்குள் சிறுநீர் முதலில் வந்து சேரும் கிண்ணம் போன்ற பகுதியில் தொடங்கி, சிறுநீர்க்குழாய் வழியாகச் சிறுநீர்ப்பை வரை ஒரே வகை உள்தோல்தான் ஓடுகிறது. ஆகவே ஓரிடத்தில் கட்டி கண்டவருக்கு அதே பாதையில் வேறோர் இடத்திலும் வரக்கூடும். இவ்வகைப் புற்றுகளில் மிகப் பெரும்பாலானவை சிறுநீர்ப்பையில் வருகின்றன, 5 முதல் 10 சதவீதம் வரைதான் அந்தக் கிண்ணமும் சிறுநீர்க்குழாயும் சேர்ந்த மேல்பாதையில் வருகின்றன.

இந்த இரண்டு நோய்களுக்கும் உள்ள தொடர்பு ஒருவழிப் பாதை அல்ல. கட்டி சிறுநீர்க்குழாயின் வாயை அடைத்தால் சிறுநீர் பின்னோக்கித் தேங்கிச் சிறுநீரகம் வீங்கி, கிரியாட்டினின் ஏறுகிறது. இங்கே புற்றுநோய்தான் முதலில் வந்தது, சிறுநீரகப் பழுது அதன் விளைவு. எதிர்த் திசையிலும் சான்று இருக்கிறது. வட கலிஃபோர்னியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்து 2014-இல் வெளியான ஆய்வில், இஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழ் இருந்தவர்களுக்குச் சிறுநீரகப் புற்று வரும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேலாகவும், சிறுநீர்ப் பாதை உள்தோல் புற்று வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகவும் இருந்தது. அதே ஆய்வில் நுரையீரல், மார்பகம், குடல் புற்றுகளுக்கு அப்படிப்பட்ட கூடுதல் காணப்படவில்லை. டயாலிசிஸில் இருந்த எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய இடங்களில் ஆராய்ந்து 1999-இல் வெளியான ஆய்வும், சிறுநீரகப் புற்று மூன்றரை மடங்கு, சிறுநீர்ப்பைப் புற்று ஒன்றரை மடங்கு என்று ஏறத்தாழ அதே படத்தைத்தான் காட்டியது.

மூன்றாவது வகைத் தொடர்பு, இரண்டு நோய்களுக்கும் ஒரே வேர் இருப்பது. அரிஸ்டலோக்கிக் அமிலம் என்னும் தாவர நஞ்சு சிறுநீரகத்தைச் சுருக்கவும் செய்யும், மேல்பாதைப் புற்றையும் உண்டாக்கும். பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காகக் கொடுத்த சீன மூலிகையால் சிறுநீரகம் செயலிழந்தவர்களில் 39 பேருக்கு முன்னெச்சரிக்கையாகச் சிறுநீரகத்தையும் சிறுநீர்க்குழாயையும் அகற்றிப் பார்த்தபோது 18 பேரிடம் புற்று இருந்ததாக 2000-இல் பதிவானது. இது எங்கோ நடந்த கதை என்று நாம் கடந்துவிட முடியாது. நம்முடைய வறண்ட நிலங்களில் முளைக்கும் ஆடுதீண்டாப்பாளையும், விஷக்கடிக்குக் கொடுக்கப்படும் ஈஸ்வரமூலியும் அதே தாவர இனத்தைச் சேர்ந்தவை. இவற்றைப் பொடியாகவோ கஷாயமாகவோ தொடர்ந்து உட்கொண்டவர்கள் அதை மருத்துவரிடம் கூச்சமின்றிச் சொல்ல வேண்டும்.

சிறுநீரக அழற்சிக்கும் லூபஸ் நோய்க்கும் தரப்படும் சைக்ளோபாஸ்பமைடு மருந்து சிறுநீர்ப்பையின் உள்தோலைப் புண்ணாக்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுக்கும் காரணமாகலாம். சர்க்கரை மருந்தான பையோகிளிட்டசோன் சிறுநீர்ப்பைப் புற்று பற்றிய அச்சத்தால் 2013 ஜூனில் இந்தியாவில் நிறுத்தப்பட்டு, அடுத்த மாதமே எச்சரிக்கை வாசகத்துடன் திரும்ப வந்தது. காரணம் கண்டறியப்படாத ரத்தம் சிறுநீரில் போகும்போது அம்மாத்திரையைத் தொடரக் கூடாது. புகை பிடிப்பது எல்லாவற்றிலும் பெரிய காரணம், சிறுநீர்ப்பைப் புற்றுகளில் ஏறத்தாழ பாதி அதனால் வருகின்றன.

கொங்கு நாட்டுக்கு இன்னொரு காரணம் நெருக்கமானது. சாயத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பைக் கட்டி வருவதை ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில் லுட்விக் ரேன் என்னும் அறுவை மருத்துவர் 1895-இலேயே எழுதினார். பென்சிடின், பீட்டா நாஃப்தைலமின் போன்ற அமின்கள்தான் காரணம் என்பது பின்னர் உறுதியாயிற்று. அவற்றை வெளியிடக்கூடிய அசோ சாயங்களை இந்தியா 1997-இல் தடைசெய்தது. ஆனால் தொட்ட நாளுக்கும் கட்டி தெரியும் நாளுக்கும் இடையில் இருபது ஆண்டுகளோ அதற்கு மேலுமோ ஓடிவிடுவதால், தடைக்கு முன்பு திருப்பூரிலும் ஈரோட்டிலும் கரூரிலும் வெறுங்கையால் சாயம் கலக்கியவர்கள் அந்த வேலையை எப்போதோ விட்டிருந்தாலும், இன்றும் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டியவர்களே. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது நொய்யல் ஆற்றைப் பற்றி நாம் நிறையப் பேசினோம், பேசவும் வேண்டியிருந்தது. பட்டறைக்குள் நின்ற மனிதர்களின் சிறுநீர்ப்பையைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், அந்தச் சோதனை எந்த இடத்தைப் பார்க்கிறது என்பது. சிறுநீர்ப்பையை நன்றாகக் காட்டும் சோதனை மேல்பாதையைக் காட்டாது, மேல்பாதையைக் காட்டுவது சிறுநீர்ப்பையின் தட்டையான புற்றைத் தவறவிடும். ஆகவே பெரும்பாலும் ஒன்று போதாது, இரண்டைச் சேர்த்துத்தான் முழு விடை கிடைக்கும்.

இரண்டாவது, மீதமிருக்கும் சிறுநீரகத்துக்கு ஏற்படும் சுமை. இதை எண்ணில் கேட்க வேண்டும். கிரியாட்டினின் மட்டும் போதாது. வயதும் பாலினமும் சேர்த்துக் கணக்கிட்ட இஜிஎஃப்ஆர்தான் பேச வேண்டியது. மேலே சொன்ன 62 வயது ஆணுக்கு 2.4 என்பது ஏறத்தாழ 30.

மூன்றாவது, காலம். நான்காவது, மறைந்திருக்கும் செலவு: துணைக்கு வருபவரின் கூலி, கோவைக்கு எத்தனை நடை, சோதனைக்குப் பிறகு செய்ய வேண்டிய சோதனை, தவறான நிம்மதி. தவறான நிம்மதியைப் பணத்தில் அளக்க முடியாது, ஆனால் எங்கள் குடும்பம் கொடுத்த விலைகளில் அதுதான் பெரியது.

## முதல் வழி: மருந்து கொடுத்துக் காத்திருப்பது

இது சரியான வழியாக இருக்கும் சூழ்நிலைகள் உண்டு. காய்ச்சலும் எரிச்சலும் இருந்து, சிறுநீர்க் கல்ச்சரில் கிருமி வளர்ந்திருந்தால் முதலில் அதற்குத்தான் மருந்து. அப்போதும் மருந்து முடிந்தபின் சிறுநீரை மீண்டும் சோதித்து, சிவப்பணுக்கள் மறைந்துவிட்டனவா என்று பார்த்தாக வேண்டும். கல்ச்சர் எடுக்காமலேயே மாத்திரை தொடங்குவதுதான் பிழையின் முதல் படி. பெண்களுக்கு இது இன்னும் அதிகமாக நேர்கிறது: நீர்க்கடுப்பு என்று சொல்லித் தொடர்ந்து மாத்திரை சாப்பிட்டுச் சாப்பிட்டு, கட்டி கண்டுபிடிக்கப்படுவது தள்ளிப்போகிறது.

சிறுநீரகத்தின் வடிகட்டியிலிருந்தே ரத்தம் கசிவதும் உண்டு. அப்படியென்றால் சிறுநீர் கறுத்த தேயிலைச் சாறு போல இருக்கும், புரதம் மிகுதியாகப் போகும், நுண்ணோக்கியில் சிவப்பணுக்கள் உருக்குலைந்து தெரியும். அப்போது நெப்ராலஜி மருத்துவர், சிறுநீரகத்திலிருந்து சிறு துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியை முதலில் யோசிப்பது முறையே. ஆனால் கட்டி கட்டியாக உறைந்த ரத்தம் வந்தால் அது வடிகட்டியிலிருந்து வருவதில்லை என்று ஏறக்குறைய முடிவு கட்டிவிடலாம். சிறுநீரக நோய் இருப்பதாகத் தோன்றினாலும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தாலும் சிறுநீர்ப் பாதைச் சோதனையைக் கைவிடக் கூடாது என்று அமெரிக்க சிறுநீரியல் சங்கத்தின் 2020 வழிகாட்டு நெறி தெளிவாகவே சொல்கிறது.

மறைந்திருக்கும் செலவு இங்கே மாதங்களாக வருகிறது. இன்னொன்றும் உண்டு: இஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழ் இறங்கியவருக்கு, சூடு தணிய என்று தினமும் கொடுக்கும் பொள்ளாச்சி இளநீரே ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றி இதயத் துடிப்பைக் குலைத்துவிடக்கூடும்.

## இரண்டாவது வழி: அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் சிறுநீர் சைட்டாலஜியும்

அருகிலுள்ள ஊரிலேயே, அன்றைக்கே, ஊசி எதுவும் இல்லாமல் முடிந்துவிடும். சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா, சிறுநீரகச் சதையில் கட்டி இருக்கிறதா, சிறுநீர்ப்பையில் ஓரளவு வளர்ந்த கட்டி இருக்கிறதா என்பதையெல்லாம் ஸ்கேன் காட்டும். சிறுநீரகத்துக்கு எந்தச் சுமையும் இல்லை. தொடக்கமாக இதைச் செய்யாமல் இருக்கக் காரணமே கிடையாது.

முடிவாக இதை எடுத்துக்கொள்வதில்தான் ஆபத்து இருக்கிறது. சிறுநீர்ப்பையின் உள்தோலில் தட்டையாகப் படரும் உயர்தரப் புற்றை, அதாவது வீரியம் மிகுந்த புற்றை, ஸ்கேன் காட்டாது, சிறுநீர்க்குழாயின் நடுப்பகுதியை அநேகமாகப் பார்க்கவே முடியாது. சிறுநீரில் உதிர்ந்து வரும் அணுக்களை நுண்ணோக்கியில் பார்க்கும் சைட்டாலஜியின் கதை இதற்கு நேர்மாறானது. உயர்தரப் புற்றின் அணுக்களைப் பிடிப்பதில் அது வல்லது, மெதுவாக வளரும் தாழ்தரக் கட்டியைப் பெரும்பாலும் தவறவிடும். அதற்கான மாதிரியைக் காலையின் முதல் சிறுநீரில் கொடுக்கக் கூடாது, ஏனென்றால் இரவெல்லாம் தேங்கிய சிறுநீரில் அணுக்கள் சிதைந்துவிடும். இதை யாரும் சொல்லாமல் விடிகாலையில் டப்பாவைக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் பலர்.

"ஸ்கேன் நார்மல்" என்ற தாள் ஒரு வீட்டில் எவ்வளவு நிம்மதியைக் கொண்டுவரும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். மாமனின் இரண்டாவது ரத்தப்போக்குக்குப் பிறகு அப்படி ஒரு தாள் எங்கள் வீட்டுக்கும் வந்தது.

## மூன்றாவது வழி: கான்ட்ராஸ்ட் கொடுத்து சிடி யூரோகிராம்

மேல்பாதையைக் காண இதைவிடத் தெளிவான படம் வேறில்லை. கிண்ணத்திலும் குழாயிலும் உள்ள சிறிய கட்டி, கல், சிறுநீரகச் சதைக் கட்டி, பக்கத்து நிணநீர்க் கணுக்கள் எல்லாம் ஒரே அமர்வில் தெரிந்துவிடும். ஆனால் கான்ட்ராஸ்ட் இல்லாமல் எடுத்த சிடிக்கு இந்தப் பெருமை சேராது. நம் பக்கத்தில் கல்லுக்காக எடுக்கப்படும் பிளைன் சிடியைக் காட்டி, "சிடியே எடுத்துவிட்டோம், ஒன்றும் இல்லை" என்று சொல்பவர்கள் உண்டு. உள்தோல் கட்டியைத் தேடும் விஷயத்தில் அந்தப் படம் ஏறக்குறைய எடுக்காததற்குச் சமம்.

ஊசியைப் பற்றிய அச்சம் நியாயமானது, ஆனால் அதன் அளவு பழைய காலத்துடையது. முன்பு பயன்பட்ட அடர்த்தி மிகுந்த மருந்துகளோடு ஒப்பிட்டால் இன்றைய அயனியற்ற, அடர்த்தி குறைந்த மருந்துகளின் ஆபத்து மிகவும் குறைவு. அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரியும் தேசிய சிறுநீரக அறக்கட்டளையும் 2020-இல் சேர்ந்து வெளியிட்ட கருத்தொருமைப்படி, இஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழ் இருப்பவர்களுக்கும் திடீர்ச் சிறுநீரகப் பழுதில் இருப்பவர்களுக்கும்தான் நரம்பு வழியாகச் சலைன் ஏற்றும் முன்னெச்சரிக்கை பொதுவாகத் தேவை. 30 முதல் 44 வரை உள்ளவர்களுக்கு மருத்துவர் ஆளைப் பார்த்து முடிவு செய்யலாம். அந்த அளவுகோலில் என் மாமனின் இஜிஎஃப்ஆர் 40-ஐ ஒட்டியிருந்தது. சிடி எடுக்க முடியாத நிலையில் அவர் ஒருபோதும் இருந்ததில்லை என்பதை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன், அது இன்றும் நெஞ்சை அறுக்கிறது.

மறைந்திருக்கும் செலவுகள்: 30-க்குக் கீழ் இருப்பவர் சலைனுக்காக அரை நாளாவது படுக்க வேண்டும், இதயம் பலவீனமானவருக்கு அந்தச் சலைனே மூச்சுத்திணறலைத் தரலாம். வலி மாத்திரைகளை நிறுத்த வேண்டும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர் அதைப் பற்றிக் கேட்க வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்துக் கிரியாட்டினினை மீண்டும் பார்க்க வேண்டும். ரத்தத்தை ஊரிலேயே கொடுத்து முடிவை மட்டும் மருத்துவருக்கு அனுப்ப ஏற்பாடு செய்துகொண்டால் ஒரு நடை மிச்சம்.

## நான்காவது வழி: எம்ஆர் யூரோகிராம்

இது எம்ஆர்ஐ கருவியில் எடுக்கும் படம். கதிர்வீச்சு இல்லை, சிடி ஊசி மருந்திலுள்ள அயோடினும் இல்லை. அடைப்பினால் வீங்கிய பாதையை ஊசி இல்லாமலேயே நன்றாகக் காட்டும். சிறிய கட்டியையும் கல்லையும் காட்டுவதில் சிடிக்குப் பின்தங்கியது. ஊசி போட்டு எடுத்தால் தெளிவு கூடும், ஆனால் அந்த காடோலினியம் மருந்தின் பழைய வகைகள் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குத் தோலும் தசையும் இறுகிப்போகும் கொடிய நோயைக் கொடுத்த வரலாறு உண்டு. காடோபுட்ரால், காடோடெரேட் போன்ற புதிய வகைகளில் அந்த ஆபத்து மிக மிகக் குறைவு. எந்த வகை என்று பெயர் கேட்டுத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. அயோடின் ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்களுக்கு இது நல்ல தேர்வு.

## ஐந்தாவது வழி: சிஸ்டோஸ்கோப்பியும் ரெட்ரோகிரேடு படமும்

சிறுநீர்ப்பையைப் பொறுத்தவரை இதற்கு மாற்று எதுவும் இல்லை. வளையும் மெல்லிய கருவியை, மரத்துப்போகச் செய்யும் ஜெல் தடவி, சிறுநீர்த் துவாரம் வழியாக உள்ளே செலுத்திக் கண்ணால் பார்க்கிறார்கள். பத்துப் பதினைந்து நிமிடங்களில் முடிந்துவிடும். இதனால் கிரியாட்டினின் ஏறாது. சிறுநீரக நோயாளிக்கு மிகப் பாதுகாப்பான இந்தச் சோதனைதான் கூச்சத்தினாலும் பயத்தினாலும் கடைசிக்குத் தள்ளப்படுகிறது. எங்கள் மாமனும் "அந்த எடத்துல கருவி விடறதுன்னா வேண்டாங்க சாமி" என்றுதான் முதலில் சொன்னார். முடிந்தபின், இதற்காகவா இத்தனை மாதம் பயந்தோம் என்று கேட்டார்.

மேல்பாதையையும் இதே வழியாகப் பார்க்க முடியும் என்பது பலருக்குத் தெரியாது. கருவியின் வழியே மெல்லிய குழாயைச் சிறுநீர்க்குழாயின் வாயில் வைத்து, கான்ட்ராஸ்டைக் கீழிருந்து மேலாகச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பதுதான் ரெட்ரோகிரேடு பைலோகிராம். மருந்து ரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்தின் வழியே வடியத் தேவையில்லாததால் இஜிஎஃப்ஆர் 15 உள்ளவருக்கும் இதைச் செய்யலாம். சந்தேகப்படும் இடத்திலிருந்து சிறுநீரையும் அங்கேயே சைட்டாலஜிக்கு எடுத்துக்கொள்ளலாம். ஊசி போட முடியாதவர்களுக்கு இதையும் பிளைன் சிடி அல்லது அல்ட்ராசவுண்டையும் சேர்த்துச் செய்வது, மேலே சொன்ன அமெரிக்க சிறுநீரியல் சங்கத்தின் 2020 நெறியே காட்டும் வழி.

இதன் மறைச் செலவு மயக்க மருந்தும் அறுவை அரங்கும். கிருமித் தொற்று ஏற்படலாம், சர்க்கரை நோயாளிக்கு அது எளிதில் பெரிதாகும். மேல்பாதைக்குள்ளேயே கருவி விட்டுப் பார்க்கும் யூரிட்டரோஸ்கோப்பிக்குப் போனால், அங்கே புற்று இருக்கும்பட்சத்தில் பின்னாளில் சிறுநீர்ப்பையில் கட்டி வரும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது என்று கண்டிருக்கிறார்கள். படமே தெளிவாகச் சொல்லிவிட்டால் யூரிட்டரோஸ்கோப்பியைத் தவிர்க்கலாமா என்று கேட்பதில் தவறில்லை.

| வழி | சிறுநீர்ப்பை | மேல்பாதை | சிறுநீரகச் சுமை | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|
| மருந்தும் காத்திருப்பும் | தெரியாது | தெரியாது | இல்லை | கல்ச்சரில் கிருமி வளர்ந்தால் மட்டும்; பின் மறுசோதனை |
| அல்ட்ராசவுண்ட், சைட்டாலஜி | பெரிய கட்டி, உயர்தர அணுக்கள் | வீக்கம் மட்டும் | இல்லை | தவறான நிம்மதி |
| சிடி யூரோகிராம் | ஓரளவு | மிக நன்று | 30-க்குக் கீழ் முன்னெச்சரிக்கை தேவை | சலைன், மறு கிரியாட்டினின் |
| எம்ஆர் யூரோகிராம் | ஓரளவு | நன்று, சிறு கட்டி தவறலாம் | மருந்தின் வகையைப் பொறுத்தது | கிடைக்கும் இடங்கள் குறைவு |
| சிஸ்டோஸ்கோப்பி, ரெட்ரோகிரேடு | மிக நன்று | நன்று | ஏறக்குறைய இல்லை | மயக்கம், தொற்று |

## யாருக்கு எது

இஜிஎஃப்ஆர் 45-க்கு மேல் உள்ளவர், சிறுநீரக நோயே இல்லாதவரைப் போலவே சிடி யூரோகிராமையும் சிஸ்டோஸ்கோப்பியையும் செய்துகொள்வதுதான் என் பரிந்துரை. 30 முதல் 44 வரை உள்ளவருக்கும் பெரும்பாலும் அதுவே, இரண்டு மருத்துவர்களையும் ஒருவரோடொருவர் பேசவைத்த பிறகு. 30-க்குக் கீழ் இறங்கி இன்னும் டயாலிசிஸுக்குப் போகாதவரின் நிலைதான் உண்மையில் கடினம். அவருக்கு முதலில் அல்ட்ராசவுண்ட், பிறகு சிஸ்டோஸ்கோப்பியோடு ரெட்ரோகிரேடு படம், அதில் ஐயம் எழுந்தால் சலைன் ஏற்றி சிடி என்ற வரிசை நியாயமானது.

டயாலிசிஸில் இருப்பவரின் கணக்கு வேறு. இழக்கச் சிறுநீரகத் திறன் அதிகம் இல்லாததால் அவருக்குக் கான்ட்ராஸ்ட் பெரிய தடை அல்ல, ஊசி போட்டவுடன் அவசரமாக டயாலிசிஸ் செய்யவும் தேவையில்லை. ஆனால் இன்னும் ஓரளவு சிறுநீர் போய்க்கொண்டிருந்தால் அந்தத் திறனைக் காக்க வேண்டியிருக்கிறது. சிறுநீரே வராத நிலையில் உள்ளாடையில் ஒரு சொட்டு ரத்தம் தென்பட்டாலும் அதைச் சொல்ல வேண்டும்.

## கட்டி மேல்பாதையில் என்றால்: சிறுநீரகத்தை எடுப்பதா, காப்பதா

சிறுநீர்ப்பைக் கட்டியைத் துவாரம் வழியாகவே சுரண்டி எடுப்பதும், பின்னர் கட்டி திரும்பாமலிருக்க பிசிஜி மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் விடுவதும் சிறுநீரகத்தோடு நேரடியாக மோதுவதில்லை. மேல்பாதைப் புற்றில் மோதல் நேரடியானது. வழக்கமான சிகிச்சை, சிறுநீரகம், சிறுநீர்க்குழாய், அது சிறுநீர்ப்பையில் சேரும் இடம் ஆகிய மூன்றையும் சேர்த்து அகற்றுவது. இஜிஎஃப்ஆர் 35 உள்ளவருக்கு அது டயாலிசிஸின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தலாம்.

ஒரே கட்டி, 2 செ.மீ.க்குள், பயாப்ஸியிலும் சைட்டாலஜியிலும் தாழ்தரம், சிடியில் ஊடுருவல் இல்லை என்றால் லேசர் மூலம் கட்டியை மட்டும் எரித்தோ, குழாயின் கீழ்ப்பகுதியை மட்டும் வெட்டி இணைத்தோ சிறுநீரகத்தைக் காக்கலாம். இதன் மறைச் செலவு திரும்பத் திரும்ப வரும் மயக்கமும் கருவியும். இரண்டு மாதத்துக்குள் மறுபார்வை, அதன்பின் ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பு. வர முடியாது, வரமாட்டோம் என்று முன்பே தெரிந்தால் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. கட்டி உயர்தரமானால் டயாலிசிஸுக்குப் பயந்து சிறுநீரகத்தை விட்டுவைப்பது பொதுவாகத் தவறு. டயாலிசிஸோடு வாழ முடியும், பரவிய புற்றோடு நெடுநாள் வாழ்வது அரிது. ஒற்றைச் சிறுநீரகம் மட்டும் உள்ளவருக்கே இது விதிவிலக்காகப் பேசப்பட வேண்டும்.

முடிவெடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய சோதனை டிடிபிஏ ரெனோகிராம். மொத்தத் திறனில் ஒவ்வொரு சிறுநீரகத்தின் பங்கு எவ்வளவு என்று அது பிரித்துச் சொல்லும். கட்டியுள்ள சிறுநீரகம் பல மாதங்களாக அடைபட்டு வீங்கி 15 சதவீதம்தான் வேலை செய்கிறது என்றால், அதை எடுப்பதால் இழப்பது குடும்பம் அஞ்சுவதைவிட மிகக் குறைவு. பங்கு பாதிக்கு மேல் என்றால் அச்சம் நியாயமானது, டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைக்கும் ஃபிஸ்டுலா போட்டு வைப்பது பற்றி அறுவைக்கு முன்பே பேசலாம்.

கீமோ தேவைப்பட்டால் வரிசையும் முக்கியம். இந்தப் புற்றுக்கு நன்கு வேலை செய்யும் சிஸ்பிளாட்டின் மருந்துக்குப் பொதுவாக 60-ஐ ஒட்டிய சிறுநீரகத் திறன் தேவை, சில இடங்களில் அளவைப் பிரித்து அதற்குச் சற்றுக் கீழும் கொடுப்பதுண்டு. சிறுநீரகத்தை எடுத்தபின் திறன் இறங்கி அந்த வாய்ப்பே மூடிவிடலாம் என்பதால், உயர்தரக் கட்டி உள்ளவர் கீமோவை அறுவைக்கு முன்பே முடிக்க முடியுமா என்று கேட்பது நல்லது. பரவிய நோய்க்கு, சிஸ்பிளாட்டின் கொடுக்க முடியாதவர்களும் பெறக்கூடிய என்ஃபோர்டுமாப் வெடோட்டின், பெம்ப்ரோலிசுமாப் கூட்டு மருந்தை அமெரிக்க மருந்து ஆணையம் 2023 டிசம்பரில் முழுமையாக ஏற்றது. நம் குடும்பங்களுக்கு அதன் விலை இன்னும் மலைதான். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எந்த அறுவை, எந்த மருந்து அடங்கும் என்பதை மருத்துவமனையிலுள்ள காப்பீட்டு மேசையில் தேதி குறிப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒரு கணக்கு உண்டு. மேலோட்டமான தாழ்தரக் கட்டி என்றால் சிகிச்சைக்குப் பின் காத்திருப்பு இல்லாமலும் போகலாம். தசைக்குள் இறங்கியிருந்தால் நோய் திரும்பாமல் குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது கடக்க வேண்டும். ஆகவே பட்டியலில் பெயர் இருப்பவர் சிவந்த சிறுநீரை மறைத்தால் இடம் போய்விடும் என்று நினைப்பது தலைகீழான கணக்கு. மேலோட்டமாக இருக்கும்போதே கண்டுபிடிக்கப்பட்ட கட்டிதான் அவருடைய இடத்தைக் காப்பாற்றும்.